ஒரே கார், ஊருக்கு ஒரு விலை

பிளக்-இன் ஹைப்ரிட் காரில் பெட்ரோல் எஞ்சின், டேங்க், சைலன்சர் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். அதோடு ஒரு மின்மோட்டார், நடுத்தர அளவில் ஒரு பேட்டரி, சார்ஜ் போட ஒரு துளை. முதல் 50, 80 கிலோமீட்டருக்கு மின்சாரம். அது தீர்ந்ததும் பெட்ரோல். கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டரே உள்ள சிங்கப்பூருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான கார் இது. வார நாளில் துவாஸ் போய்வர மின்சாரம், பள்ளி விடுமுறையில் பினாங்கு போகப் பெட்ரோல். இருந்தும் நம் சாலைகளில் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை. அதற்கான காரணத்தைப் பொறியியலில் தேடிப் பயனில்லை, வரிக் கணக்கில்தான் தேட வேண்டும்.

இங்கே இறக்குமதியாகும் காருக்கு முதலில் ஓஎம்வி என்ற சந்தை மதிப்பு போடுகிறார்கள். வாங்கிய விலை, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் அதில் அடக்கம். அதன்மேல் 20 விழுக்காடு சுங்கவரி, இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி. அப்புறம் வருவதுதான் பெரிய அடி: ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம். 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பிறகு 250, 80,000க்கு மேல் 320. மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும்.

இதில் பேட்டரியைப் பொருத்திப் பாருங்கள். பெட்ரோல் மாடலின் ஓஎம்வி 40,000 வெள்ளி, மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த மாடலுக்கு 50,000 என்று வைத்துக்கொள்வோம். கூடிய 10,000 வெள்ளிக்குச் சுங்கவரி 2,000, ஜிஎஸ்டி 1,080, ஏஆர்எஃப் 19,000. ஆக, அந்தப் பேட்டரியும் மோட்டாரும் நம் கைக்கு வரும்போது 32,080 வெள்ளி. விற்பனையாளரின் லாபத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பத்து ஆண்டுக்குள் பதிவை ரத்து செய்தால் ஏஆர்எஃபில் ஒரு பகுதி திரும்பி வரும்தான். ஆனால் கடன் வாங்கும் நாளில் அந்த ஆறுதல் உதவாது.

கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ வேறு மாதிரி. 1990இல் தொடங்கிய இந்த ஏலத்தில் ஒரே பிரிவில் வரும் கார்களுக்குப் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை ஒன்றுதான். பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவு 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது.

சரி, புகை குறைவாயிற்றே, தள்ளுபடி கிடையாதா? 2018 முதல் விஇஎஸ் என்ற வாகனப் புகைத் திட்டத்தில் கரியமில வாயு உட்பட ஐந்து மாசுகளை அளக்கிறார்கள். எது மிக மோசமோ அதை வைத்தே காரின் தரம், தரத்தை வைத்தே தள்ளுபடியோ அபராதமோ. இதில் சுவாரசியமான ஒன்று உண்டு: சார்ஜ் செய்யும் மின்சாரத்துக்கும் புகைக் கணக்கு போடுகிறார்கள், ஒரு வாட்-மணிக்கு 0.4 கிராம் என்று. மின்சாரத்தில் ஓடும்போது கிலோமீட்டருக்கு 180 வாட்-மணி பிடித்தால் 72 கிராம். நம் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்து வருவதால் இது நியாயமான கணக்கு என்றே எனக்குப் படுகிறது. இதற்கு முந்தைய திட்டத்தில், 2016இல், ஹாங்காங்கிலிருந்து வந்த பயன்படுத்திய டெஸ்லா ஒன்றுக்கு 15,000 வெள்ளி அபராதக் கட்டணம் விழுந்து உலகச் செய்தியானது. கிலோமீட்டருக்கு 444 வாட்-மணி என்று அளந்து, அன்றைய 0.5 கிராமால் பெருக்கி, 222 கிராம் என்றார்கள். முழு மின்கார்களுக்குப் பின்னாளில் ஏஆர்எஃபில் தனிச் சலுகை வந்தது. பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு அது கிடையாது.

மற்ற நாடுகள் இதே காரை வேறு கோலால் அளக்கின்றன. அமெரிக்கா பல ஆண்டுகள் பேட்டரியின் கொள்ளளவைப் பார்த்து வரிச்சலுகை தந்தது: 8.8 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட பிரியஸ் பிரைமுக்கு 4,502 டாலர், 16 எட்டினால் உச்சமான 7,500. முதன்முதலில் வந்த செவர்லே வோல்ட்டில் இருந்தது சரியாக 16! பின்னாளில் விதிகள் மாறி, 2025 செப்டம்பரோடு சலுகையே முடிந்தது. நார்வே எடையைப் பார்த்தது. இரண்டு இயந்திரங்களைச் சுமக்கும் கார் கனமாகத்தான் இருக்கும், அதனால் எடையில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்கிட்டது. பிறகு அந்தக் கழிவைக் குறைத்தது.

ஐரோப்பாவின் கோல் ஆய்வுக்கூடச் சோதனை. ஓட்டுநர் இவ்வளவு தூரத்தை மின்சாரத்தில்தான் ஓட்டுவார் என்ற ஊகம் அந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. புகை எண் சிறியதாக வரும், வரியும் குறையும். 2024இல் ஐரோப்பிய ஆணையம் கார்களிலிருந்தே எடுத்த தரவைப் பார்த்தபோது நிஜப் புகை சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. பலர் சார்ஜ் போடவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் சீன மின்கார்கள்மீது போட்ட கூடுதல் சுங்கத்தில் பிளக்-இன் ஹைப்ரிட் சேரவில்லை. பிஒய்டி போன்ற நிறுவனங்கள் அந்த வழியாக நுழைந்தன.

சீனாவிலோ இது ‘புதிய ஆற்றல்’ வாகனம். 10 விழுக்காடு கொள்முதல் வரி 2014 முதல் 2025 வரை தள்ளுபடி. பேட்டரி தயாராவதும் அங்கேயே. 2024இல் பிஒய்டியின் சின் பிளஸ் பிளக்-இன் ஹைப்ரிட் 79,800 யுவானில் தொடங்கியது, நம் பணத்தில் சுமார் 15,000 வெள்ளி. சிஓஇக்கே காணாது. ஷாங்காயிலும் நம்மைப் போலவே எண் தகடு ஏலம் உண்டு. ஆனால் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 2022 கடைசி வரை தகடு இலவசம். அந்த ஊரில் இது நன்றாக விற்றதில் ஆச்சரியம் என்ன!

கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவிலும் கதை வேறு. பிஎம்டபிள்யூ தன் பிளக்-இன் ஹைப்ரிட் மாடல்களைக் கெடா மாநிலத்துக் கூலிமில் பாகங்களைப் பொருத்தித் தயாரித்தது, வோல்வோ ஷா ஆலமில். உள்ளூரில் பொருத்தித் தயாரித்தால் மலேசியா வரியைத் தளர்த்தும். ஜோகூரில் வாங்கி இங்கே ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியப் பதிவுள்ள காரைச் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இங்கே வைத்து ஓட்டச் சட்டம் இடம் தராது. இறக்குமதி செய்யலாம். பயன்படுத்திய காராக இருந்தால் வயது மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஓஎம்வி, ஏஆர்எஃப், சிஓஇ எல்லாம் முதலிலிருந்து வரும், அவற்றோடு பழைய காருக்கென்றே 10,000 வெள்ளி கூடுதல் கட்டணமும் உண்டு.