நர்ஸ் ஏன் கண்ணில் டார்ச் அடிக்கிறார்?

தலையில் அடிபட்டுப் படுத்திருப்பவரை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி, பெயர் கேட்டு, இமையைத் தூக்கி டார்ச் அடிக்கும் நர்ஸைப் பார்த்தால் உறவினர்களுக்கு எரிச்சல்தான் வரும். இப்போதுதான் கண் அசந்தார், கொஞ்சம் தூங்க விடக்கூடாதா? அதுவும் அடிபட்டது தலையில், கண்ணில் என்ன இருக்கிறது?

வெளிச்சம் பட்டதும் கண்பாப்பா சுருங்குவதற்குள் ஒரு செய்தி மூளைவரை போய்த் திரும்பிவிடுகிறது. விழித்திரையில் விழுந்த ஒளியின் செய்தி பார்வை நரம்பு வழியாக நடுமூளைக்குப் போகும். அங்கே அது இரண்டு பக்கமும் பிரிந்து, மூன்றாம் மூளை நரம்பு வழியாகத் திரும்பி, பாப்பாவைச் சுருக்கும் தசைக்கு வரும். அதனால்தான் ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டு பாப்பாக்களும் சுருங்குகின்றன. வலது கண்ணில் அடிக்கும்போது இரண்டுமே அசையாமல், இடது கண்ணில் அடிக்கும்போது இரண்டும் சுருங்கினால், செய்தி போகிற வழி பழுது. வலது விழித்திரையையோ பார்வை நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். எந்தக் கண்ணில் அடித்தாலும் வலது பாப்பா மட்டும் விரிந்தே நின்றால், திரும்பி வருகிற வழியில் சிக்கல். தலைக்காயத்தில் பயப்பட வைப்பது இந்த இரண்டாவது வகைதான்.

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால், மூளை கிடைத்த இடுக்கு வழியாகக் கீழே பிதுங்கும். பிதுங்குகிற பாதையின் ஓரத்திலேயே மூன்றாம் நரம்பு ஓடுகிறது. பாப்பாவைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் இருப்பதால், நசுங்கும்போது முதலில் அடி வாங்குவது அவைதான். பெரும்பாலும் கசிவு இருக்கும் பக்கத்துப் பாப்பாவே விரியும்.

சரி, பாப்பாவை மட்டும் பார்த்தால் போதாதா, எழுப்பி வேறு தொந்தரவு செய்ய வேண்டுமா? வேண்டும். பாப்பா விரியும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறத் தொடங்கியிருக்கும். பொதுவாக அதற்கு முன்பே நினைவு மங்கும். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-இல் வந்தது இந்த மங்கலை எண்ணால் பிடிக்கத்தான். எதுவுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, அது இறங்குகிறதா என்பதே முக்கியம். தூக்கத்தையும் மயக்கத்தையும் எழுப்பிப் பார்க்காமல் பிரித்தறிய முடியாது.

டார்ச்சை ஏமாற்றும் விஷயங்களும் உண்டு. பிறவியிலேயே சிலருக்குப் பாப்பாக்கள் லேசாக ஏற்றத்தாழ்வாக இருக்கும். மார்ஃபின் கொடுத்திருந்தால் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். கண்புரை அறுவை செய்த கண்ணில் பாப்பா வட்டமாகவே இல்லாமல் போகலாம். கண் பரிசோதனைக்காகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டால் பல மணி நேரத்துக்கு இந்தச் சோதனையே வீண். உறவினர் சொல்லும் பழைய கண் சிகிச்சை விவரம் இங்கே தங்கம்.

அப்புறம், அந்தக் கண்ணையே காப்பாற்றவும் வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் இமை முழுதாக மூடாது, சிமிட்டலும் இருக்காது. முன்புறக் கண்ணாடியான கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர்ப் படலம் வழியாகக் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அந்தப் படலம் காய்ந்தால் கருவிழி உரிந்து, கிருமி புகுந்து புண்ணாகும். மூளை தேறி எழுந்தவர் பார்வையை இழந்து நிற்பது எவ்வளவு கொடுமை! அதனால் கிருமி நீக்கிய உப்புநீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, கண்ணுக்கு ஒரு புதுப் பஞ்சு எடுத்து, களிம்பு இட்டு இமையை மூடி விடுவார்கள். திறந்த கண்மேல் துணியை வைத்து ஒட்டுவது கூடாது, அதுவே கருவிழியைக் கீறும்.

முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து இமை மூட முடியாமல் போகும் முகவாதம் வந்தவருக்கும் இதே ஆபத்துதான். ஆனால் அவருக்கு உறுத்தும், சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார். கண் சிவந்திருக்கிறதா, கருவிழி மங்கியிருக்கிறதா என்று டார்ச் அடிக்கும்போதே நர்ஸ் அதையும் பார்த்துக்கொள்கிறார்.