கலப்பினம் உண்டாவது எப்படி: பட்டு அந்துப்பூச்சி வளர்ப்போர் கவனத்துக்கு

கொழும்பு வளவுகளில் கொய்யாவிலோ கறுவாவிலோ காய்ந்த இலை சுற்றிய கபில நிறக் கூடு தொங்கினால், அது அட்டாகஸ் தப்ரோபானிஸாக இருக்கலாம். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய பெரும் பட்டு அந்துப்பூச்சி அது. அதன் நெருங்கிய உறவான ஆசிய அட்லஸின் கூடுகளோ, உலகெங்கும் வளர்ப்போருக்கு விற்கப்படுகின்றன. இரண்டும் ஒரே பால்கனியில் இருப்பது நல்லதல்ல.

உறவினங்களைப் பிரித்து வைக்கும் தடைகள் மெல்லியவை. வட அமெரிக்கப் பட்டு அந்துப்பூச்சிப் பேரினமான கலோசாமியாவின் இனங்களை நேரம் பிரிக்கிறது: செக்கியூரிஃபெரா நடுப்பகலில் கூடும், புரொமீதியா பின்னேரத்தில், அங்குலிஃபெரா இருட்டிய பின். இன்னொரு வட அமெரிக்கப் பேரினமான ஹயலோபோராவில் அந்தத் தடையும் இல்லை. ஓர் இனப் பெண்ணின் வாசனைக்கு மற்ற இனத்து ஆணும் பறந்து வரும். அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் வாழிடம்தான். அதனால் கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், ஹயலோபோரா இனங்களான யூரியாலஸும் குளோவெரியும் சந்திக்கும் இடத்தில், கலப்பினங்கள் இயற்கையாகவே பறக்கின்றன.

கலப்பில் அடிபடுவது பெரும்பாலும் பெண். இரு வேறு பால் நிறமூர்த்தங்கள் உள்ள பாலே முதலில் மலடாகும் என்று உயிரியலாளர் ஹால்டேன் 1922இல் காட்டினார். அந்துப்பூச்சியில் அந்தப் பால் பெண். வயிறு நிறைய முட்டை இருக்க வேண்டியவளிடம் சிலவே இருக்கும், அல்லது ஒன்றும் இராது. ஆண் பல வேளைகளில் வளமாகவே இருப்பதால், அவன் வழியாக அந்நிய மரபணு உள்ளூர்க் கூட்டத்துக்குள் நுழையலாம். முட்டை பொரிக்காவிட்டாலும் நட்டமே: இயங்கும் வாயில்லாத இந்தப் பூச்சி வாழ்வது ஏறக்குறைய ஒரு வாரம், அதில் ஓர் இரவு வீணாகிறது.

அனுமதியின்றி உயிருள்ள கூடு எதையும் நாட்டுக்குள் எடுக்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் வலைக்கூண்டை நம்ப வேண்டாம். வயிற்று நுனியை நீட்டியபடி பெண் விடும் வாசனை வலையைத் தாண்டும். வலையின் கண் பெரிதென்றால் வெளியே வந்தமரும் ஆணோடு வலை ஊடாகவே கூடிவிடும். பொழுதுபடுமுன் அறை யன்னல்களை மூடி, சாகும்வரை உள்ளேயே வையுங்கள். கூடாத பெண்ணும் முட்டையிடும். எல்லாவற்றையும் பொறுக்கி, ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்த பின் எறியுங்கள்.

உள்ளூர்க் கூட்டை மரத்திலேயே விடுங்கள். மரம் வெட்டப்படுமானால், கிளையோடு வெட்டிப் பக்கத்து மரத்தில் கட்டுங்கள். வெளிவரும் பூச்சி இறகு விரியத் தொங்கக் கீழே இடம் வேண்டும்.

வித்தியாசமான ஒன்று விளக்கடியில் கிடந்தால், அளவுகோலை அருகில் வைத்து இறகின் இரு பக்கமும் படம் எடுங்கள், திகதியையும் இடத்தையும் குறியுங்கள். நிறத்தை மட்டும் பார்த்துக் கலப்பினம் என்று சொல்லிவிடாதீர்கள்: ஓரினத்துக்குள்ளேயே நிறமும் அளவும் நிறைய மாறும்.