தெளித்தது ஒரு கை, பறித்தது இன்னொரு கை

மூன்று வயதுப் பையன். தாத்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்தார். பையனின் சட்டை முழுக்க எச்சிலில் நனைந்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "தோட்டத்துக்கு மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்ததை நீட்டினார். குளிர்பான பாட்டில். அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பால் போன்ற திரவம் மிச்சமிருந்தது.

கத்தரியில் காய்ப்புழு என்று, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கொஞ்சம் பூச்சிமருந்து வாங்கி வந்திருக்கிறார். காலையில் தண்ணீரில் கலந்து தெளித்துவிட்டு, மீதியைக் குழாயடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார், சாயங்காலம் மறுபடி அடிக்கலாம் என்று. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்த பிள்ளைக்கு அது குளிர்பானம்.

குழந்தைகள் நல மருத்துவராக இத்தனை வருடம் பார்த்ததில், வீட்டுத் தோட்டத்தால் வந்த ஆபத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்திருக்கின்றன. யாரும் அலட்சியமானவர்கள் இல்லை. தோட்டத்தில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் தெளிக்கிறார், ஒருவர் தண்ணீர் விடுகிறார், ஒருவர் பறிக்கிறார், ஒருவர் சமைக்கிறார். நடுவில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒரு கை செய்தது அடுத்த கைக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் கோளாறு.

அந்தப் பையன் குடித்தது ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடம்பு உடனுக்குடன் சிதைத்துவிட வேண்டும். சிதைக்கும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடுகிறது. அதனால் கண்ணீரும் எச்சிலும் நெஞ்சுச் சளியும் நிற்காமல் சுரக்கின்றன. மூச்சுக்குழாயே நீரில் மூழ்கிவிடும். நெஞ்சுச் சளி வற்றும்வரை, இந்த நஞ்சை எதிர்க்கும் அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டோம். பையன் நான்கு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தான். அந்த வயதில் ஒரு மடக்கு என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அவ்வளவே போதும். களைக்கொல்லியான பாராகுவாட்டாக இருந்திருந்தால் எங்களிடம் நஞ்சை முறிக்கும் மருந்தே கிடையாது.

ஆகவே முதல் விஷயம் பாட்டில். எந்த மருந்தானாலும் அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும், லேபிளோடு. இரவல் வாங்காதீர்கள், இரவல் கொடுக்காதீர்கள். கலக்கியது மிஞ்சும் என்று தெரிந்தால் குறைவாகக் கலக்குங்கள். பூட்டிய அலமாரி, பிள்ளைக்கு எட்டாத உயரம், இரண்டும் சேர்ந்து வேண்டும். உயரம் மட்டும் போதாது. நாற்காலி போட்டு ஏறத் தெரியாத நாலு வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

"டாக்டர், நாங்க கெமிக்கலே அடிக்கிறதில்லை, எல்லாம் இயற்கைதான்" என்று சொல்பவர்களிடமும் எனக்குப் பேச இருக்கிறது. வேப்பெண்ணெய் செடிக்கு நல்லது. ஆனால் கைக்குழந்தைக்கும் சிறு பிள்ளைக்கும் அதை உள்ளே கொடுத்தால் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மூளை வரைக்கும் போய்விடும். சில மில்லி அளவிலேயே இப்படி ஆனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. புகையிலைக் கஷாயம் இன்னும் மோசம். அதிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும். இயற்கை என்ற ஒரு சொல்லை நம்பி அதைச் சமையலறை அலமாரியில், சமையல் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அதுவும் பூட்டுக்குள் இருக்க வேண்டிய சரக்குதான்.

இரண்டாவது விஷயம், பறிப்பது. ஒரு வீட்டில் மகன் சனிக்கிழமை சாயங்காலம் மருந்து அடித்திருக்கிறார். ஞாயிறு காலை அம்மா அதே பாத்தியில் கீரை பறித்துச் சமைத்துவிட்டார். மதியத்துக்குள் வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு பூச்சிமருந்து லேபிளிலும், தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். பயிருக்குப் பயிர், மருந்துக்கு மருந்து அந்த நாள் கணக்கு மாறும். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. நன்றாகக் கழுவினால் போய்விடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. மேலே படிந்திருப்பது ஓரளவு போகும். இமிடாகுளோப்ரிட் போல செடிக்குள் ஊடுருவும் மருந்தை எந்தத் தண்ணீரும் கழுவ முடியாது, அது இலையின் உள்ளேயே இருக்கிறது.

இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல வழி, ஒரு குடும்பம் செய்வது. எங்களிடம் சிகிச்சைக்கு வரும் குடும்பம்தான். மருந்து அடித்த செடியில் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். என்றைக்குப் பறிக்கலாம் என்ற தேதியை மார்க்கர் பேனாவால் அதிலேயே எழுதிவிடுவார்கள். தேதி வந்ததும் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் 'சிவப்புத் துணி கட்டியிருந்தா தொடக் கூடாது' என்பது புரிகிறது. அந்த வீட்டுச் சின்னப் பெண்தான் விருந்தாளிகளைத் தடுத்து நிறுத்துவாளாம்.

மருந்தே அடிக்காமல் முடிகிற வேலைகளும் நிறைய இருக்கின்றன. அசுவினியைத் தண்ணீர்ப் பீய்ச்சலால் இலையடியிலிருந்து அடித்து விரட்டலாம். புழுவைக் கையால் பொறுக்கலாம், பிள்ளைகளுக்கு அது பிடித்த வேலையும்கூட. கொய்யாப் பிஞ்சுக்கு உறை கட்டினால் பழ ஈ வராது. வெள்ளை ஈக்குப் பசை தடவிய மஞ்சள் அட்டை. தினம் பத்து நிமிஷம் செடியைப் பார்க்கும் வீட்டில் மருந்துக்கு அவசியமே பாதியாகக் குறைந்துவிடுவதை நான் என் தோட்டத்திலேயே பார்க்கிறேன்.

எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பச்சைச் சாணத்தைப் போடக் கூடாது. முள்ளங்கி, கேரட், வெள்ளரி, தக்காளி எல்லாம் பிள்ளைகள் அப்படியே பறித்துக் கடிப்பவை. சாணத்தில் வரும் ஒருவகை ஈகோலை கிருமி பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடலாம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில், மண்ணைத் தொட்டுக்கொண்டு விளையும் காய்க்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும், மற்றவற்றுக்கு 90 நாள் முன்பும் பச்சை எருவை நிறுத்திவிட வேண்டும். நன்றாக மக்கிய எரு என்றால் இந்தக் கவலை மிகவும் குறைவு. நாய், பூனைக் கழிவைக் காய்கறிப் பாத்தியின் மக்குக் குழியில் போடவே வேண்டாம்.

அப்புறம் சுரைக்காய். சுரை, பீர்க்கு, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் எப்போதாவது ஒரு காய் கடுங்கசப்பாக விளையும். குக்குர்பிட்டாசின் என்ற நச்சு அதில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அழகுக்காக வளர்க்கும் சுரை வகையோடு மகரந்தம் கலந்த விதையை எடுத்து வைத்து மறுவருடம் போட்டாலும் இது நடக்கலாம். வேகவைத்தாலும் நச்சு போகாது. வாந்தி, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது வரைக்கும் போகும், இதற்கும் முறிக்கும் மருந்து இல்லை. ஆகவே நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறியுங்கள். 'நாம வளர்த்தது, வீணாகக் கூடாது' என்று யாரும் சாப்பிட வேண்டாம். கசப்பதற்கென்றே விளையும் பாகற்காய் வேறு கணக்கு.

தோட்டத்தில் பறித்துத் தின்னப் பழகிய பிள்ளை, அடுத்த வேலியில் சிவப்பாக இருப்பதையும் பறிக்கும். அரளி, ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி நான்கும் பிள்ளைகள் புழங்கும் தோட்டத்தில் வேண்டாம். பெரியவர் யாரையாவது கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் வாளிக்கும் மூடி போடுங்கள். தலை கனத்த சின்னப் பிள்ளை குப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரிலிருந்துகூட எழ முடியாது. மூடி இருந்தால் கொசு முட்டையிடாது என்பது கூடுதல் லாபம். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு பாதம் வழியாக உள்ளே போகும், எனவே செருப்பு. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி பிள்ளைகளுக்கு அட்டவணைப்படி போட்டிருப்போம். மண்வெட்டி பிடிக்கும் அப்பாவும் தாத்தாவும் கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது. பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் விடாமல் இருந்துவிடாதீர்கள், அதுதான் என் பெரிய பயம். காய்கறியே தொடாத பிள்ளை தான் நட்ட முள்ளங்கியை மண்ணோடு பிடுங்கிக் கழுவிக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த டானிக்கும் அந்தப் பசியைக் கொண்டுவராது. முள்ளங்கியும் கீரையும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும், பிள்ளையின் பொறுமைக்கு அதுதான் சரியான பயிர்.

தப்பித்தவறி பிள்ளை எதையாவது குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், எதுவும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் அது தனி ஆபத்து. மருந்து மேலே சிந்தியிருந்தால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிள்ளை மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்தே தூக்கி வாருங்கள். நேரே மருத்துவமனைக்கு, லேபிள் உள்ள டப்பாவோடு. அந்தத் தாத்தாவும் பாட்டிலைக் கையோடு எடுத்துத்தான் வந்தார், ஆனால் அதில் ஒட்டியிருந்தது குளிர்பானத்தின் லேபிள். அறிகுறிகளை வைத்தே நாங்கள் சிகிச்சையை ஆரம்பித்துவிட்டோம். மருந்து கொடுத்தவரை ஃபோனில் பிடித்து, டப்பாவில் எழுதியிருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.