வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாமா? வாங்குமுன் இதைப் படியுங்கள்

2017 நவம்பரில் மலேசியாவின் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு வீடு சந்தா பிரித்து, இணையத்தில் 12 வாக்கி டாக்கி வாங்கினோம். அவற்றில் ஒன்றில்கூட சட்டப்படி பேச முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. விற்றவர் "லைசென்ஸ் வேண்டாம் அண்ணே" என்று சொல்லியிருந்தார். அது பாதி உண்மை. காசு போனது மீதிப் பாதியில்.

சட்டம் சுருக்கமானதுதான். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் யாரும் அலைவரிசையைப் பயன்படுத்தக் கூடாது. பொதுமக்களுக்குத் தனி விண்ணப்பம் இல்லாமல் சில அலைவரிசைகள் மட்டும் திறந்து விடப்பட்டிருக்கின்றன. குடியிருப்புக்கு ஆகக்கூடியவை இரண்டு: 446 மெகாஹெர்ட்ஸ், அனுப்பும் சக்தி அதிகபட்சம் அரை வாட்; 477 மெகாஹெர்ட்ஸ், 39 சேனல்கள். கருவியில், தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்று பெற்றதைக் காட்டும் லேபிளும் இருக்க வேண்டும். லேபிளின் படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். சாக்குப்போக்குச் சொன்னால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

நாங்கள் வாங்கியவை ஐந்து வாட் கருவிகள், பொத்தானைத் தட்டினால் பல அலைவரிசைகளுக்குப் போகும். "446-இல் மட்டும்தானே பேசுகிறோம்" என்று சமாளிக்க முடியாது. அந்த அலைவரிசைக்கு அரை வாட்தான் வரம்பு.

இதைத் தெரிந்துகொள்ள நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஒரு கவுண்டரில் போலீசைக் கேளுங்கள் என்றார்கள். போலீஸ் நிலையத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே இருந்தவர் "எதற்கு இதெல்லாம், வாட்ஸ்அப் இல்லையா?" என்று கேட்டார். மூன்று நாள் லீவு போட்டது மிச்சம். நீங்களாவது நேராக, அலைவரிசைகளைக் கவனிக்கும் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.க்குப் போங்கள். அதன் அலுவலகம் ஒன்று பினாங்கு ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது. உங்கள் கருவி எந்த மாடல், எந்த அலைவரிசை என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் நாளைக்கு நிற்காது.

அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோருக்கான) தேர்வு எழுதினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தேர்வு எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் அந்த அனுமதி தேறியவருக்கு மட்டுமே. ஒருவர் லைசென்ஸ் எடுத்து, பத்துத் தொண்டர்களுக்குக் கருவி கொடுத்துப் பேசவைப்பது செல்லாது. கோயில் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அது ஆகாது.

இன்னொரு பொறி, சிம் கார்டு போட்ட வாக்கி டாக்கி. "நாடு முழுக்கப் பேசலாம்" என்று விற்பார்கள். அது கைப்பேசிக் கோபுரத்தை நம்பித்தான் ஓடுகிறது. வெள்ளத்தில் கோபுரம் செத்தால் அதுவும் செத்துவிடும். நமக்குத் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்.

பெட்டியில் "10 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. சிமெண்ட் பிளாட்டுகளுக்கு நடுவே அரை வாட் இரண்டு மூன்று தெரு தாண்டினாலே அதிர்ஷ்டம். வாங்கியதும் அடித்தளத்திலிருந்து மேல்மாடி வரை நடந்து பேசிப் பாருங்கள். இரண்டு கம்பெனிக் கருவிகள் ஒரே சேனலில் இருந்தும் பேசிக்கொள்ளாவிட்டால், பெரும்பாலும் "பிரைவசி கோட்", அதாவது ஒரே எண் வைத்த கருவிகளின் பேச்சை மட்டும் ஒலிக்கவிடும் அமைப்பு, வேறாக இருக்கும். எல்லாருக்கும் அதை அணைத்துவிடுங்கள். பெயர்தான் பிரைவசி, பக்கத்துத் தாமான்காரர் எப்படியும் கேட்பார். அதனால் வீடு பூட்டியிருக்கிறது, சாவி இங்கே இருக்கிறது என்றெல்லாம் பேசாதீர்கள்.

வாக்கி டாக்கியில் கூப்பிட்டால் பொம்பா (தீயணைப்பு மீட்புப் படை) வராது. அரசு மீட்புப் படைகள் வேறு ரேடியோ வலையில் பேசுகின்றன. போன் வேலை செய்யும் தெரு முனையில் ஒருவரை 999-க்கு அழைக்க நிறுத்துங்கள், ஒரு ரேடியோவை அவர் கையில் கொடுங்கள். மற்றவர்கள் மணிக்கு ஒருமுறை, முதல் ஐந்து நிமிடம் மட்டும் கருவியைத் திறந்து கேட்டால் பேட்டரி விடியும்வரை தாங்கும்.