முப்பது ரூபாய்த் துவரம் பருப்பு: உரிமை இருந்தும் கைக்கு வராமல் போவது எங்கே

தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மலிவான புரதம் மூன்று இடங்களில் இருக்கிறது. நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, அங்கன்வாடியில் விலையில்லாச் சத்துமாவும் முட்டையும், அரசுப் பள்ளிச் சத்துணவில் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை. இவற்றைப் பற்றிய அறிவிப்புகள் சுவர்தோறும் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் "இந்த மாதம் பருப்பு வரவில்லை", "உங்கள் பெயர் இங்கே இல்லை", "அது எங்கள் துறை இல்லை" என்ற மூன்று வாக்கியங்களில் இந்த உரிமைகள் எப்படிக் கரைந்துபோகின்றன என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

முதலில் ஒரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 46 கிராம். நாள் முழுவதும் 300 கிராம் அரிசியைச் சோறாகவும் இட்லியாகவும் உண்டால் 20 கிராமுக்குச் சற்று மேல் வந்துவிடும், ஆனால் அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற பகுதியைப் பருப்புதான் ஈடுசெய்ய வேண்டும். ஒரு கிலோ துவரம் பருப்பில் ஏறக்குறைய 220 கிராம் புரதம் உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் அதை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. அதாவது, ரேஷன் பருப்பு மட்டும் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதன் பயன் வேறு: வெளிக்கடையில் 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்க வேண்டிய பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பதால் மிஞ்சும் பணத்தில் கொள்ளோ வேர்க்கடலையோ முட்டையோ வாங்க முடிகிறது. கொள்ளிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது, வேர்க்கடலையில் 25. ஆகவே பருப்பை ஒரு மாதம் இழந்த குடும்பம் பருப்போடு சேர்த்து அந்த மிச்சத்தையும் இழக்கிறது.

ரேஷனில் இந்தப் பருப்பைத் தரும் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007இல் தொடங்கியது. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் என்பது இன்றைய அளவு. அரிசியைப் போல் இது ஆள் கணக்கில் வருவதில்லை, அட்டைக் கணக்கில் வருகிறது. இந்த ஒரு விதியிலிருந்தே முதல் சிக்கல் பிறக்கிறது. திருமணமாகித் தனிச் சமையல் செய்யும் மகனும் மருமகளும் பெற்றோரின் அட்டையிலேயே பெயரை வைத்திருந்தால், இரண்டு அடுப்புக்கும் சேர்த்து ஒரே கிலோதான். தனி அட்டைக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இருவரின் பெயரும் இப்போது இருக்கும் அட்டையிலிருந்து நீக்கப்பட்ட பிறகே விண்ணப்பம் நகரும். பெயரை நீக்கிவிட்டுப் புதிய அட்டைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் அவர்கள் எந்த அட்டையிலும் இல்லாதவர்களாக இருப்பார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனவே எரிவாயு இணைப்பு ரசீது, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டு வரி ரசீது, ஆதார் முகவரி ஆகிய மூன்றும் ஒரே முகவரியைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்த பிறகே பெயர் நீக்கத்துக்குக் கை வையுங்கள். மாடியும் கீழ்த்தளமுமாக ஒரே கதவிலக்கத்தில் இருப்பவர்கள் "ஒரே குடும்பம்" என்ற குறிப்போடு நிராகரிக்கப்படுவது வாடிக்கை. கள ஆய்வுக்கு வருபவர் பகலில்தான் வருவார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு "விசாரணையில் இல்லை" என்று எழுதிச் செல்வார். விண்ணப்பித்த வாரத்திலேயே பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைப்பதும், நிராகரிப்புக் காரணத்தை இணையத்தில் பார்த்து அதற்கு மட்டும் பதில் தந்து மறுபடி விண்ணப்பிப்பதும் நல்லது. வட்ட வழங்கல் அலுவலகத்தின் முன் நிற்கும் இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பதால் அந்தக் குறிப்பு மாறுவதில்லை.

இரண்டாவது சிக்கல் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பண்டகமில்லா அட்டை என்று அங்கே ஒரு தேர்வு வரும். கணினி மையத்தில் அவசரமாகச் சொடுக்கப்படும் அந்த ஒரு பொத்தானால் பல குடும்பங்கள் பண்டகமில்லா அட்டையோடு வீடு திரும்பியிருக்கின்றன. அது முகவரிச் சான்றாகப் பயன்படுமே தவிர, ஒரு கிலோ பருப்பைக்கூடத் தராது. சர்க்கரை அட்டைக்கு அரிசிதான் இல்லை, பருப்பும் பாமாயிலும் உண்டு. "உங்களுக்கு அரிசி இல்லை, பருப்பும் இல்லை" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அட்டையின் மேல் PHH (முன்னுரிமைக் குடும்பம்) என்பதற்குப் பதிலாக NPHH (முன்னுரிமையற்ற குடும்பம்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தாம் தகுதியற்றவர் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். அந்த எழுத்துகள் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்குக்கானவை. தமிழ்நாட்டில் பருப்பு அதைப் பார்த்துத் தரப்படுவதில்லை.

அதே படிவத்தில் கைப்பேசி எண் கேட்கப்படும். கணினி மையத்துக்காரர் தம் எண்ணையே போட்டுவிடுவது மிகப் பரவலான வழக்கம். கடையில் பொருள் வழங்கப்பட்டதாகப் பதிவானதும் வரும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. அந்தக் குறுஞ்செய்திதான் உங்கள் கையிலிருக்கும் ஒரே சாட்சி. பருப்பு வாங்காத மாதத்தில் "துவரம் பருப்பு 1 கிலோ" என்று செய்தி வந்தால், அந்தக் கிலோ வேறெங்கோ போயிருக்கிறது என்று பொருள். செய்தியே வராவிட்டால் அது தெரியாமலே போகும். எனவே எண்ணை மாற்றுவதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள்.

இனி, பருப்பு "வராத" மாதங்கள். கடைக்கு ஒதுக்கீடு பல தவணைகளாக வருவதால் முதல் வாரத்தில் சென்றவருக்கு அரிசியும் சர்க்கரையும் போட்டுவிட்டு, பருப்புக்குப் பிறகு வாருங்கள் என்பார்கள். மூன்றாம் வாரம் போனால் தீர்ந்துவிட்டது என்பார்கள். ஒப்பந்தப்புள்ளி தாமதத்தால் உண்மையிலேயே தட்டுப்பாடு வருவதும் உண்டு. 2024 மே மாதம் அப்படித்தான் ஆனது. அப்போது, மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. ஆனால் அத்தகைய அறிவிப்பு வராத மாதங்களில் வாங்காத பருப்பு அடுத்த மாதத்துக்கு ஏறாது, அதோடு முடிந்தது. ஆகவே "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்று விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. கடையின் இருப்புப் பலகையைப் பாருங்கள். பல கடைகளில் அதில் சுண்ணக்கட்டியால் எழுதிய தேதி போன வாரத்துடையதாக இருக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு, கடையில் நிற்கும்போதே 1967 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து இருப்பைக் கேளுங்கள். இதைச் செய்பவருக்குச் சில நேரங்களில் உள்ளேயிருந்து ஒரு கிலோ பருப்பு வந்துவிடுகிறது என்பதைப் பற்றி நான் மேலும் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

பருப்பு வேண்டுமானால் உப்பும் டீத்தூளும் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது விதிமீறல். இதை உயரதிகாரிகள் சுற்றறிக்கையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கடையில் அது நின்றபாடில்லை. விற்பனையாளருக்கு மேலிருந்து விற்பனை இலக்கு வைத்து அழுத்தம் தரப்படுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இலக்கைக் கூலித் தொழிலாளியின் பையிலிருந்து எடுத்து நிரப்புவது நியாயமாகாது. வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்காகப் பருப்பைத் தர மறுத்தால் குறுஞ்செய்தியோடும் பணம் கொடுத்த விவரத்தோடும் புகார் செய்யுங்கள்.

கைரேகை பதியாதவர்களின் துன்பம் தனி. பாத்திரம் தேய்த்தும் சிமெண்டு கலந்தும் ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்பதில்லை. கருவிழிப் பதிவு உள்ள கடைகளில் அதைக் கேளுங்கள். அதுவும் ஆகாதபோது வெறுங்கையோடு அனுப்புவதற்குக் கடைக்காரருக்கு அதிகாரமில்லை. ஆதார் அடையாளம் பொருந்தவில்லை என்ற காரணத்தால் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசே 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. நடக்க முடியாத முதியவர், வேறொருவரைத் தம் சார்பில் வாங்க நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தைக் கடையிலேயே தரலாம். முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பலர் தவறிவிடுவதற்குக் காரணம், அட்டையில் வெளியூரில் வாழும் மகனின் பெயரும் இருப்பதுதான். உடன் வாழாதவரின் பெயர் அட்டையில் இருக்கும்வரை வீட்டில் வாங்கிவர ஆள் இருப்பதாகவே கணினி கருதும்.

திருப்பூரிலோ ஓசூரிலோ வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஒரு சொல்: எந்த மாநில அட்டையையும் எங்கும் பயன்படுத்தலாம் என்ற ஒரே நாடு ஒரே அட்டை, மத்திய ஒதுக்கீட்டிலுள்ள அரிசி, கோதுமைக்கு மட்டும் பொருந்தும். பருப்பு மாநில அரசின் திட்டம் என்பதால் அவர்களுக்கு இங்கே கிடைக்காது. அதற்காக வரிசையில் நின்று கூலியை இழக்க வேண்டாம்.

அங்கன்வாடியில் நடப்பது வேறு வகை. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரையுள்ளோர், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அங்கே தரப்படும் ஊட்டச்சத்து உணவு சட்டப்படியான உரிமை. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் என்று அதன் அட்டவணையிலேயே எழுதினார்கள். இது ஏழைகளுக்கு மட்டுமானது அன்று. வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் கேட்பது தவறு. குழந்தைக்கு ஆதார் இல்லையென்று திருப்பி அனுப்புவதும் தவறு, தாயின் ஆதார் போதும்.

இங்கே பெரும்பாலோர் விழும் குழி தாய்வீடு. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளர், "உங்கள் பெயர் புகுந்த வீட்டு மையத்தில் இருக்கிறது, அங்கே போய் வாங்குங்கள்" என்கிறார். புகுந்த வீட்டு மையமோ, 2025 ஜூலை முதல் முகப்பதிவு கட்டாயமாக்கப்பட்டுவிட்டதால் ஆள் நேரில் வராமல் மாவு தர முடியாது என்கிறது. புரதம் மிகுதியாகத் தேவைப்படும் மாதங்கள் இப்படியே கழிகின்றன. இதற்குத் தீர்வு, அங்கன்வாடிப் பணியாளர்கள் பயனாளிகளைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியிலேயே இருக்கிறது: பெயரை ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். புறப்படுவதற்கு முன்பே பழைய மையத்தில் மாற்றம் கேட்டு, ஆதாரில் இணைத்த கைப்பேசியைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த எண் மாமனாரின் பழைய எண்ணாக இருந்தால் கடவுஎண் (OTP) அவருக்குத்தான் போகும். சத்துமாவு மாட்டுக்குத்தான் போகிறது என்று கிண்டல் செய்பவர்கள், முதலில் அது அந்தப் பெண்ணின் கைக்கு வருகிறதா என்று பார்க்கட்டும். பொட்டலத்தின் மேலுள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள், பழையதாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள்.

பள்ளி முட்டையைப் பற்றிச் சுருக்கமாக. 2010ஆம் ஆண்டிலிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை, பத்தாம் வகுப்பு வரை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மட்டும். முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம். சத்துணவு உண்போர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் முட்டை உண்டு; சேர்க்கைப் படிவத்தோடு அதையும் எழுதிக் கொடுங்கள். முட்டை அழுகியிருந்தாலோ சில நாள் தரப்படாவிட்டாலோ தலைமையாசிரியரிடம் போனால், சத்துணவு ஊழியர்கள் தம் கட்டுப்பாட்டில் இல்லை என்பார். சமூக நலத் துறைக்குப் போனால் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டுவார்கள். ஊரகப் பகுதியில் நேராக வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, படியைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தருவதே குறுக்கு வழி.

ரேஷன் தொடர்பான மனுக்களுக்கு இரண்டாம் சனிக்கிழமைகளில் நடக்கும் குறைதீர் முகாமைப் பயன்படுத்துங்கள். பெயர் நீக்கம், எண் மாற்றம் போன்றவை அங்கேயே முடிவதுண்டு. மற்றவற்றுக்கு 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் மனு எண் பெறலாம். "தீர்வு காணப்பட்டது" என்ற செய்தியோடு மனு முடித்துவைக்கப்படுவதும் நடக்கும்; பருப்பு வந்திருக்காது. அப்போது அந்த மனு எண்ணையும் செய்தியின் படத்தையும் இணைத்து, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள மாவட்டக் குறைதீர் அலுவலருக்குப் புகாராக எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகையை வாங்கிய பிறகே அங்கிருந்து நகருங்கள்.