கதவருகே சொல்லும் அந்த 'இன்னொண்ணு'

மருந்துச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கதவைத் திறக்கப் போகும்போது திரும்பி, "டாக்டர், இன்னொண்ணு..." என்பார்கள். பெரும்பாலும் அந்த 'இன்னொண்ணு' சொல்லத்தான் வந்திருப்பார்கள். இடுப்பு வலி, தூக்கமின்மை எல்லாம் அதற்கு முன்னால் சொன்ன சாக்குகள். நாற்பதும் ஐம்பதும் கடந்த பெண்கள், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "அந்த விஷயத்துல எனக்கு இப்ப ஆசையே இல்லை. வயசாயிடுச்சுல்ல?"

பெண்கள் நல மருத்துவராக நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "உறவு வச்சுக்கும்போது வலிக்குதா?"

பலர் பதில் சொல்வதில்லை. தலையை மட்டும் அசைப்பார்கள். சிலருக்குக் கண் கலங்கும். எத்தனை வருடமாக என்று கேட்டால், மூன்று என்பார்கள், ஐந்து என்பார்கள். ஒவ்வொரு முறையும் வலித்தால் உடல் அதை மறக்காது. சூடு பட்ட விரல் அடுத்த முறை தானாகவே பின்வாங்குமே, அப்படித்தான். ஆசை போய்விட்டது என்று அவர்கள் நினைப்பது பல நேரம் வலிக்குப் பயந்து ஒதுங்கியிருக்கும் ஆசைதான்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. யோனியின் சுவர் மெலிந்து, ஈரம் வற்றி, நெகிழ்வு குறைகிறது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி கிருமித்தொற்று ஆகியவையும் கூடவே வரும். உடம்பு திடீரென்று குப்பென்று சூடாகும் தொல்லை சில வருடங்களில் தணிந்துவிடும். வறட்சி அப்படி இல்லை, கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகும். போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தாய்ப்பால் கொடுக்கும் முப்பது வயதுப் பெண்ணுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் இதே வறட்சி வரலாம். அவருக்கு அது தற்காலிகம்.

உறவின்போது பயன்படுத்த, உராய்வைக் குறைக்கும் லூப்ரிகன்ட் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உள்ளே போட்டுக்கொள்ளும், ஈரம் காக்கும் மாய்ஸ்சரைசர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லேடக்ஸ் ஆணுறையுடன் எண்ணெய் வகை எதுவும் கூடாது, உறை கிழிந்துவிடும். இதெல்லாம் போதவில்லை என்றால் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ மாத்திரையோ மருத்துவர் எழுதித் தருவார். அளவு குறைவு, ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் போட்டுப் பார்த்துவிட்டு ட்யூபைத் தூக்கிப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிலருக்கு வறட்சி இருக்காது. யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். அதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் உதவுவார். "கொஞ்சம் பொறுத்துக்கோ, பழகிடும்" என்று காலங்காலமாக ஒரு அறிவுரை சொல்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொண்டால் இறுக்கம் அதிகமாகும், அவ்வளவுதான்.

சரி, வலி இல்லை. அப்போதும் ஆசை வரவில்லை என்றால்?

முதலில் ஆசை, பிறகு கிளர்ச்சி, பிறகு உச்சம் என்ற வரிசைதான் நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. பெண்கள் பலருக்கு இது பொருந்துவதில்லை என்று ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000இல் எழுதினார். நீண்ட காலம் சேர்ந்து வாழ்பவர்களுக்கு நெருக்கமும் தொடுதலும் முதலில் வந்து, ஆசை பின்னால் வரலாம். "தானா தோணவே தோணாது டாக்டர். ஆனா ஆரம்பிச்சப்புறம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஏதாவது குறையா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குறை ஒன்றும் இல்லை.

கூட வந்திருந்த கணவர் ஒருவர் இதைக் கேட்டதும், "அப்ப ஆரம்பிச்சுட்டா சரியாயிடும், இல்லையா?" என்றார். இல்லை. மனைவிக்குச் சம்மதம் இருந்தால்தான் தொடக்கமே. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மனசுக்கு ஆக்ஸிலரேட்டர் இருப்பதுபோல் பிரேக்கும் உண்டு. அசதி, பேசித் தீர்க்காத மனத்தாங்கல், பக்கத்து அறையில் விழித்திருக்கும் பிள்ளை, தன் வயிற்றைப் பார்த்து வரும் கூச்சம் எல்லாம் பிரேக்கை மிதிக்கும். அதை விடாமல் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்தவரிடம் சொன்னால் மாற்று இருக்கலாம்.

என் அறையில் ஒரு படம் வைத்திருக்கிறேன், பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸின் முழு அமைப்பு. வெளியே தெரிவது நுனி மட்டும். பெரும்பகுதி உள்ளே, யோனியின் இருபுறமும் கிளைவிட்டு இருக்கிறது. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது 1998இல்தான். நான் படித்த பாடநூலில் இந்த உறுப்புக்கு ஒரு பத்திகூட இல்லை. கிளிட்டோரிஸில் 8,000 நரம்பு இழைகள் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அது மாட்டில் எண்ணிய கணக்கு! மனிதத் திசுவில் எண்ணிப் பார்த்து, 10,000க்கும் மேல் என்று 2022இல் சொன்னார்கள். உடலுறவால் மட்டும் உச்சம் வராத பெண்கள் ஏராளம் என்பதற்கு உடலமைப்பே விளக்கம். தன் கையால் தன்னை அறிந்துகொள்வதிலும் தீங்கு எதுவும் இல்லை. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்திருந்த ஒரு பெண்மணி, "கல்யாணமாகி முப்பது வருஷம். இதை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

துணையை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். புதிய உறவு என்றால் எந்த வயதிலும் ஆணுறை தேவை. 50 வயதுக்கு மேல் மாதவிடாய் நின்று ஒரு வருடம், அதற்கு முன்பே நின்றிருந்தால் இரண்டு வருடம், கருத்தடையையும் தொடர வேண்டும். நாட்டமே இல்லை, அதனால் கவலையும் இல்லை என்பவர்களுக்கு இது நோய் அல்ல, நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாமல் உடனே வாருங்கள்.

வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். அப்படி ஒருவர், உட்கார்ந்ததும் மடித்த காகிதத்தை மேசையில் நகர்த்தினார். 'வலி. வறட்சி. ஆறு வருடம்.' தூக்கம் வராததைப் பற்றி அடுத்த முறை பேசிக்கொண்டோம்.