மூன்று போத்தல்களிலும் ஒரே சிங்க்

2021இல் கொவிட் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறியபோது, ஹட்டனில் என் மருந்தகத்துக்கு வந்தவர்கள் காய்ச்சல் மருந்தைவிட ‘எதிர்ப்புச் சக்தி மாத்திரை’யைத்தான் அதிகம் கேட்டார்கள். கேகாலையில் கொவிட்டுக்கு மருந்தென்று தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்கு ஊரே திரண்டதும், அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்ததும் அதற்குச் சற்று முந்திய கதை. பாணியைப் பார்த்துச் சிரித்த நானும் மாத்திரை விற்றவன்தான்.

ஒரு நாள், கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் மூன்று போத்தல்களை மேசையில் வைத்தார். ஒன்று கொழும்பிலிருந்து மகன் அனுப்பியது. ஒன்று பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கொடுத்தது. மற்றது இரண்டு நாள் பெயருக்கான, அதாவது இரண்டு நாள் கூலிக்கான, காசில் தானே வாங்கியது. காலையில் வெறும் வயிற்றில் மூன்றையும் போட்டுக்கொண்டு மலைக்குப் போனால் குமட்டுகிறதாம், வாயில் இரும்பு நக்கியது போல இருக்கிறதாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்துகளைப் படித்தேன். மூன்றிலும் சிங்க், அதாவது துத்தநாகச் சத்து. ஒன்றில் 15 மில்லிகிராம், ஒன்றில் 20. மூன்றாவதில் ‘சிங்க் சல்பேட் 220’ என்றிருந்தது. அது உப்பின் எடை, அதிலுள்ள சிங்க் மட்டும் 50. கூட்டினால் 85. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 8 போதும். 40க்கு மேல் போகக்கூடாது. மாதக்கணக்கில் மீறினால் உடலில் செம்புச் சத்து குறையும். செம்பு குறைந்தால் இரத்தம் குறையும், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும் குறையும். எதை வளர்க்க விழுங்கினாரோ அதையே கரைத்துக்கொண்டிருந்தார்.

விட்டமின் சி இந்த அளவுக்கு வம்பு செய்யாது. தேவை 75 மில்லிகிராம். 500 போட்டால் மிச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும், காசும் அதோடு போகும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் விலகியிருக்க வேண்டும். சத்துக் குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் கொவிட்டைத் தடுக்கும் வேலை தடுப்பூசியுடையது.

அந்த அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இரத்தம் குறைவு என்பதற்கு அது ஓர் அடையாளம். ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு சாயத் தேத்தண்ணீர். டிஸ்பென்சரியில் தந்த இரும்புச்சத்து மாத்திரையும் அதே தேத்தண்ணீரில்தான். தேயிலைச் சாயம் இரும்பைக் குடலில் ஏறவிடாது. தேத்தண்ணீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவும், சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் தின்னவும் சொன்னேன். அதிலுள்ள விட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும்.

லயத்துக்குப் பின்னால் கொய்யா மரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அணில்கள்தான் தின்கின்றனவாம்.